ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

திருமங்கலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டிய சின்ன அறையில் அப்பாவின் கம்ப்யூட்டர் இருக்கிறது. அப்பா முப்பது வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். லோயர், ஹையர் என்று ஊரில் பாதிப் பேருக்கு விரல் வைக்கக் கற்றுக்கொடுத்தவர். இன்ஸ்டிட்யூட்டை மூடிய பிறகும் தட்டச்சு அவரை விடவில்லை. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் திருத்தம் என்று யார் வந்தாலும் மனு அடித்துக் கொடுப்பார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபிஸில் குறைதீர்க்கும் நாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அந்த அறையில் நாலைந்து பேராவது உட்கார்ந்திருப்பார்கள். காசு வாங்க மாட்டார். பேப்பர் மட்டும் அவர்கள் கொண்டு வர வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பிவிட்டது. பேச்சும் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் திரும்பவில்லை. பத்து விரலாலும் அடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் இடது கையின் மூன்று விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடிப்பதை ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு மத்தியானம் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எஃப்5 அழுத்தினால் ‘மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு’ என்று தானாக வரும். எஃப்6 அழுத்தினால் ‘மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்’. எஃப்9 அழுத்தினால் ‘ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’. இப்படி ஆறு விசைகள். முக்கால் மணி நேரம் பிடித்த மனு இருபது நிமிடத்தில் முடிந்தது. அத்தோடு அந்த ஸ்கிரிப்டை நான் மறந்துபோனேன்.

சில மாதங்களுக்கு முன் ஊருக்குப் போயிருந்தேன். சனிக்கிழமை இரவு அப்பா தூங்கிய பிறகு அவருடைய லினக்ஸைப் புதிய பதிப்புக்கு ஏற்றினேன். இரண்டு மணி நேரம் ஆனது. எல்லாம் சோதித்தேன். வைஃபை வந்தது, பாட்டு கேட்டது, பிரிண்டர் ஓடியது, தமிழ்க் கீபோர்டு அவருக்குப் பழகிய பழைய டைப்ரைட்டர் முறையிலேயே இருந்தது. திரை முன்பைவிட அழகாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன். திருச்சியைத் தாண்டும்போது போன் வந்தது.

“என்னப்பா பண்ணுன? எஃப் அஞ்ச அமுக்குனா ஒண்ணும் வரமாட்டேங்குது.”

“எர்ரர் ஏதாச்சும் காட்டுதா?”

“ஒண்ணும் காட்டல. அமுக்குறேன். அது பாட்டுக்கு சும்மா இருக்கு.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. லாக் அவுட் செய்யச் சொன்னேன். பாஸ்வேர்டு போடும் இடத்தில் பல்சக்கரம் மாதிரி ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் பழைய முறைக்குப் போக ஒரு வழி இருக்கும் என்றேன். இல்லை என்றார். புதிய பதிப்பில் அதை எடுத்துவிட்டிருந்தார்கள். பின்னால் யாரோ இருமுவது கேட்டது.

“ஒரு அம்மா வந்து உக்காந்திருக்காங்க. காலையில மொத பஸ்ஸுக்குப் போகணுமாம். விடு, நான் பாத்துக்குறேன்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “மாத்துறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

அந்த மனுவை அப்பா இடது கையால் பேனா பிடித்து எழுதிக்கொடுத்தார். கையால் எழுதிய மனுவையும் வாங்கிக்கொள்வார்கள், அதனால் அந்த அம்மாவுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்தவர்களை அப்பா ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பத் தொடங்கினார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அம்மாதான் போனில் சொன்னார்கள்.

*

யார் மேல் தப்பு என்று பார்க்க, முதலில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும்.

லினக்ஸில் திரையில் ஜன்னல்களைக் காட்டுவதும், நாம் அழுத்தும் விசையை உரிய நிரலிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் நெடுங்காலமாக எக்ஸ் என்ற அமைப்பின் வேலை. 1984இல் எம்.ஐ.டி.யில் தொடங்கியது. இன்றும் புழங்கும் பதினோராவது வடிவமான எக்ஸ்11 வந்தது 1987இல். என்னைவிட மூத்தது. எக்ஸில் ஓடும் எந்த நிரலும் இன்னொரு நிரலில் நீங்கள் அடிப்பதை ஒட்டுக்கேட்கலாம். முழுத் திரையையும் படம் பிடிக்கலாம். நீங்களே அடித்தது போல இன்னொரு ஜன்னலுக்குள் எழுத்துகளை அனுப்பலாம். ஒருவரையொருவர் நம்பியவர்கள் ஒரே வளாகத்தில் வேலை பார்த்த காலத்தில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. இன்றைக்கு, நீங்கள் வங்கியின் பாஸ்வேர்டு அடிக்கும்போது பக்கத்தில் ஓடும் ஒரு விளையாட்டு அதைக் குறித்துக்கொள்ள முடியும் என்று பொருள்.

2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் இந்தக் கதவை மூடியது. அதில் ஒரு ஜன்னலில் அடிப்பது அந்த ஜன்னலுக்கு மட்டும்தான். பக்கத்து நிரல் எட்டிப் பார்க்க முடியாது, கை நீட்டவும் முடியாது. பல வருட இழுபறிக்குப் பிறகு பெரிய டெஸ்க்டாப்புகள் ஒவ்வொன்றாக அதற்கு மாறின. 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49, எக்ஸ்11 அமர்வை இயல்பாகவே அணைத்து வைத்து வெளிவந்தது.

என் ஸ்கிரிப்ட் எக்ஸ்டூடூல் என்ற கருவியை நம்பியிருந்தது. அது அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் லிப்ரே ஆபிஸுக்குள் போய் அப்பாவுக்காக எழுதியது. புதிய பதிப்பில் அவர் எஃப்5 அழுத்தியபோது ஸ்கிரிப்ட் ஓடத்தான் செய்தது. எக்ஸ்டூடூலும் ஓடியது. பழைய நிரல்களுக்காக வேலண்டுக்குள் ஓரமாக ஒரு சின்ன எக்ஸ் வைத்திருக்கிறார்கள். அதனிடம் ‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்கி முழுவதையும் சொல்லி முடித்தது. லிப்ரே ஆபிஸ் அந்த அறையில் இல்லை. ஆளில்லாத அறையில் பேசிவிட்டு, சொன்ன வேலையை முடித்துவிட்டேன் என்று திரும்பி வந்தது. அதனால்தான் எர்ரர் எதுவும் இல்லை.

திருடன் நுழையும் வழியும், கை விளங்காதவருக்கு ஒத்தாசைக்கு வருபவர் நுழையும் வழியும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. கதவைப் பூட்டியவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அது பூட்ட வேண்டிய கதவுதான். ஆனால் பூட்டுக்கும் மாற்றுச் சாவிக்கும் நடுவே காலம் ஓடுகிறது. பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் ஓர்கா என்ற நிரலுக்கு, விசைகளைக் கவனிக்க முறையான வழி ஒன்று வேலண்டில் பல வருடம் கழித்துத்தான் கிடைத்தது. அந்த இடைவெளியைக் கடப்பவர்கள் பெரும்பாலும் உடம்பால் முடியாதவர்கள்.

*

என் துறையில் இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. 2010இன் இறுதியில் ஃபெடோரா 14க்கு மாறிய சிலருக்கு ஃப்ளாஷ் வழியாகக் கேட்ட பாட்டும் பேச்சும் கரகரத்தன. ஃப்ளாஷ் மாறவில்லை. ஜிலிப்சி என்ற அடித்தள நூலகத்தில் இருக்கும் மெம்காப்பி என்ற சின்னச் செயல் மாறியிருந்தது. நினைவகத்தில் ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்தில் நகலெடுத்து வைப்பது அதன் வேலை. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றின்மேல் ஒன்று படியக் கூடாது என்பது எழுதி வைத்த விதி. படியும் என்றால் மெம்மூவ் என்ற வேறொன்றைக் கூப்பிட வேண்டும்.

பந்தியை வைத்துச் சொல்கிறேன். வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களை ஆளுக்கொரு இலை இடப்பக்கம் தள்ளி உட்காரச் சொல்கிறோம். இடக்கோடியில் இருப்பவர் முதலில் நகர்ந்தால், அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர் என்று எல்லோரும் நகர்ந்துவிடலாம். வலக்கோடியில் இருப்பவர் முதலில் நகர்ந்தால் பக்கத்துக்காரர் மடியில்தான் உட்கார வேண்டும். பழைய மெம்காப்பி முன்னாலிருந்து நகலெடுத்தது. விதியை மீறியே கூப்பிட்டு வந்த ஃப்ளாஷுக்கு அதிர்ஷ்டவசமாக எல்லாம் சரியாக நடந்தது. புதியது, சில பிராசஸர்களில், வேகத்துக்காகப் பின்னாலிருந்து தொடங்கியது. மடியில் உட்கார்ந்த சத்தம்தான் அந்தக் கரகரப்பு.

விதிப்படி தப்பு ஃப்ளாஷுடையது. நூலகம் தன் வாக்கைத் துளியும் மீறவில்லை. ஆனால் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த விவாதத்துக்குள் வந்து பயனர்களின் பக்கம் நின்றார். பாட்டு கேட்பவருக்கு விதிப்புத்தகம் தெரியாது, நேற்று கேட்டது இன்று கேட்கவில்லை என்பது மட்டும்தான் தெரியும். லினக்ஸ் கெர்னலில் அவர் பிடிவாதமாகக் காப்பாற்றும் கொள்கையும் இதுதான்: புதிய கெர்னலால் ஒருவருடைய நிரல் உடைந்தால் அது கெர்னலின் பிழை.

2011இல் வந்த ஜிலிப்சி 2.14 இதை முடித்துவைத்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மெம்காப்பிக்கு இரண்டு வடிவம் வைத்தார்கள். பழைய நூலகத்தை நம்பிக் கட்டப்பட்ட நிரல் கூப்பிட்டால், இடங்கள் படிந்தாலும் சேதம் வராத வழி கிடைக்கும். புதிதாகக் கட்டப்படும் நிரல் கூப்பிட்டால் புதிய வேகமான வழி. தப்பு உன்னுடையதுதான் என்ற பேச்சில் மாற்றம் இல்லை. அந்தத் தப்போடு நீ வாழவும் ஒரு இடம் விட்டாயிற்று. குடும்பங்களிலும் இப்படித்தான் பெரியவர்கள் சில பேரை வைத்துக்கொள்கிறார்கள்.

*

இதை வைத்து, பழையதை உடைப்பவர்கள் எல்லோரும் பொறுப்பில்லாதவர்கள் என்று எழுதிவிடலாம். எழுதியவுடன் கைத்தட்டலும் கிடைக்கும். ஆனால் அது நியாயம் இல்லை.

பழையதைக் காப்பாற்று என்று சொல்வது யாரோ ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமையைக் கேட்பது. முப்பது நாற்பது வருட நிரலை எடுத்துப் பிழை திருத்திக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். வேலண்டை எழுதியவர்களில் பலர் அதற்கு முன் எக்ஸைப் பராமரித்தவர்கள்தான். பழைய வீட்டின் ஒழுகலை மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்துகொண்டுதான் வெளியே வந்தார்கள். அவர்கள் தரும் உரிமத்திலேயே, இது எந்த உத்தரவாதமும் இல்லாமல் தரப்படுகிறது என்று எழுதியிருக்கிறது. கொடுக்காத வாக்கைக் காப்பாற்றவில்லை என்று ஒருவரைப் பிடித்து உலுக்க முடியாது.

மாறாமல் இருப்பதற்கும் விலை உண்டு. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டிவந்தது. அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியாகியிருந்தது. மாட்டியவை அதைப் போடாத கணினிகள். ஓடுவதைத் தொடாதே என்ற பழமொழியை நானும் ஆபிஸில் சொல்பவன்தான். அந்தப் பழமொழி சில நேரம் ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் போகிறது.

ஆக, வேலண்டை எழுதியவருக்கும் அப்பாவுக்கும் நடுவே இந்தக் கேள்வியை வைத்தால் எனக்கு விடை கிடைக்கவில்லை. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது, கேள்வியை வைத்த இடம் தப்பு. அவர்கள் இருவருக்கும் நடுவில் இன்னொருவன் இருந்தான். சனிக்கிழமை இரவு ‘ஆம்’ என்று அழுத்தியவன்.

எழுதியவருக்கு அப்பா யாரென்றே தெரியாது. எனக்குத் தெரியும். எந்தக் கை விளங்காது என்று தெரியும். எந்தக் கிழமை ஆட்கள் வருவார்கள் என்று தெரியும். எக்ஸ்டூடூல் வேலண்டில் ஓடாது என்பதுகூட எனக்குத் தெரியும், ஆபிஸில் இன்னொருவருக்கு இதை விளக்கியிருக்கிறேன். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் உலகத்தில் நான்தான். உரிமத்தில் இருக்கும் ‘உத்தரவாதம் இல்லை’ என்ற வரி அவர்களைக் காப்பாற்றும். அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ள முடியாது. ஒருவர் ஆறு வருடம் ஒன்றின்மேல் சாய்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தால், வாயால் சொல்லாவிட்டாலும் அது வாக்குதான்.

ஏன் மாற்றினேன் என்றும் கேட்டுக்கொண்டேன். பாதுகாப்புக்காக என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பொய். அப்பாவிடம் இருந்தது நீண்ட காலத்துக்குத் திருத்தங்கள் வரும் பதிப்பு, இன்னும் இரண்டு வருடம் மிச்சம் இருந்தது. எனக்கு அந்தப் பழைய திரையைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். என் லேப்டாப்பில் இருப்பது அங்கேயும் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நான் வந்து போனதற்கு ஒரு அடையாளம் வேண்டியிருந்தது என்றும் சொல்லலாம். அவருக்குத் தேவை என்று நான் நினைத்ததில் அவருடைய தேவை ஒன்றுகூட இல்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் தூங்கும்வரை காத்திருந்தேன் போல.

*

மூன்று வாரம் கழித்து ஊருக்குப் போனேன். புதியதிலேயே சரிசெய்துவிடலாம் என்று பார்த்தேன், ஈகோதான். லிப்ரே ஆபிஸை அந்தச் சின்ன எக்ஸுக்குள் ஓடவைத்தேன். ஆங்கிலம் வந்தது. தமிழில் எழுத்துகள் விட்டு விட்டு வந்தன. பிறகு ஒய்டூடூல். அது கெர்னல் அளவில் ஒரு பொய்க் கீபோர்டை உருவாக்கி விசைகளை அழுத்தும் கருவி. விசை தெரியும், தமிழ் தெரியாது. வாக்கியத்தை கிளிப்போர்டில் வைத்து, ஒட்டும் விசையை மட்டும் அதை அழுத்தச் சொன்னேன். வந்துவிட்டது. ஆனால் அதற்காக நான் திறந்துவிட்ட அனுமதியில், அப்பாவின் கணக்கில் ஓடும் எந்த நிரலும் எந்த ஜன்னலிலும் எந்த விசையையும் அழுத்த முடியும். கதவு பூட்டியிருக்கிறது என்று சுவரை இடித்திருந்தேன்.

அப்பா பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிக் கேட்டேன். “உங்களுக்கு எதெல்லாம் வேணும்னு சொல்லுங்கப்பா.”

மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். இடது கை எழுத்து, கோணல் மாணலாக. அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார். பதினான்கு வரிகள் இருந்தன. நான் செய்துகொடுத்தது ஆறு.

“மிச்சம் எப்படிப்பா?”

“நீ எழுதியிருந்தத பாத்து நானே மாத்தி மாத்தி எழுதுனேன். ரெண்டு தடவ எல்லாமே போச்சு. அப்புறம் பிடிபட்டுருச்சு.”

ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். என் வரிகளுக்குக் கீழே அவருடைய வரிகள். ஷிஃப்ட் எஃப்6: ‘எனது கணவர் காலமாகிவிட்டார்.’ ஷிஃப்ட் எஃப்7: ‘எனக்கு வேறு வருமானம் ஏதும் இல்லை.’ ஷிஃப்ட் எஃப்9: ‘எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இம்மனு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது.’ எதை அடிக்கடி அடிக்க வேண்டியிருக்கிறதோ அதற்குத்தானே ஆள் ஒரு விசை ஒதுக்குவார்.

பதினான்காவது வரியில் வாக்கியம் இல்லை. ‘அமுக்கியதும் வரக் கூடாது, கொஞ்சம் பொறுத்து வர வேண்டும்’ என்றிருந்தது. நான் முதலில் எழுதியபோது ஏதோ தடுமாறுகிறது என்று சோம்பேறித்தனமாக அரை வினாடி காத்திருக்கும்படி ஒரு வரி போட்டிருந்தேன். அதைத்தான் அன்று காலை அசிங்கமாக இருக்கிறதே என்று அழித்திருந்தேன்.

“உடனே வந்தா, நான் வெரல எடுக்குறதுக்குள்ள ரெண்டு தடவ வந்துருது. அது எனக்குன்னு நீ வச்சதுன்னு நெனச்சேன்.”

ஹைரம் ரைட் என்ற பொறியாளரின் பெயரில் எங்கள் துறையில் ஒரு விதி வழங்குகிறது. போதுமான பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், நீங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பது பொருட்டில்லை. வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார். ஆபிஸில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வோம். அன்று சிரிப்பு வரவில்லை. போதுமான பேர்கூட வேண்டாம், ஒருவர் போதும்.

அவருடைய கோப்புகளைப் பத்திரப்படுத்திவிட்டுப் பழைய பதிப்பையே திரும்பப் போட்டேன். அழித்த வரியையும் சேர்த்தேன். பிறகு சொன்னேன், “இது ரெண்டு வருஷம்தாம்பா. அதுக்கப்புறம் பாதுகாப்பு இருக்காது. மாத்தியே ஆகணும்.”

“சரி, மாத்தலாம். அப்ப இதெல்லாம்?”

லிப்ரே ஆபிஸுக்குள்ளேயே ஆட்டோடெக்ஸ்ட் என்று ஒரு வசதி இருக்கிறது, சுருக்கமாக ஒன்றிரண்டு எழுத்து அடித்து எஃப்3 அழுத்தினால் முழு வாக்கியம் வரும், எக்ஸோ வேலண்டோ அதற்குக் கவலை இல்லை என்று சொன்னேன். ஆறு வருடத்துக்கு முன்பே நான் அதைச் செய்திருக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் தாளை வாங்கி, மாற்ற வேண்டிய வருடத்தைக் கீழே எழுதிக்கொண்டார்.

“ஆள் வராத நேரமா பாத்து சொல்லிக்குடு. ஒவ்வொண்ணா. ஒண்ணு பழகுனப்புறம் அடுத்தது.”

அப்போது அவர் இன்ஸ்டிட்யூட்டில் பேசும் குரலில் பேசினார். ஏ எஸ் டி எஃப் பழகாமல் அடுத்த வரிசைக்கு விட மாட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயந்திரம் மூன்று பேர் வந்தார்கள். சரியாகிவிட்டது என்று அம்மா தெருவில் சொல்லியிருக்க வேண்டும். அப்பா எஃப்5 அழுத்தினார். அரை வினாடி ஒன்றும் வரவில்லை. அதற்குள் அவர் விரலை எடுத்துவிட்டு எதிரில் இருந்த பாட்டியைப் பார்த்துத் திரும்பியிருந்தார்.

“சொல்லும்மா. என்ன பிரச்சன?”